தீவைத் தவிர ஒன்றுமில்லையாம்

திரங்கானுவுக்குப் போகிறேன் என்று கோலாலம்பூரில் யாரிடம் சொன்னாலும் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "ரெடாங்கா, பெர்ஹெந்தியானா?" இரண்டும் இல்லை, கரையிலேயே சில நாள் சுற்றப்போகிறேன் என்றால் கேட்டவர் முகத்தில் இரக்கம் படர்கிறது. "அங்கே என்ன இருக்கு?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். தீவைத் தவிர ஒன்றுமில்லை. எங்கே பார்த்தாலும் கம்போங். பொழுது சாய்ந்தால் ஊர் அடங்கிவிடும். நம்மாட்கள் யாரும் கிடையாது. மதக் கட்டுப்பாடு வேறு. சாப்பாடோ, ஒரே மீன் வாடை. இதைச் சொல்பவர்களில் பலர் திரங்கானுவைப் பார்த்தது வேன் கண்ணாடி வழியாகத்தான். விமான நிலையத்தில் இறங்கி, மெராங் படகுத்துறைக்கோ கோலா பெசுட்டுக்கோ விரைந்து, போன வழியே திரும்பியவர்கள். 244 கிலோமீட்டர் கடற்கரை கொண்ட ஒரு மாநிலம் அவர்களுக்கு வாகனம் நிறுத்துமிடம்.

தமிழர்கள் மட்டும் இப்படி நினைப்பதாகச் சொல்லவில்லை. 2000ல் வந்த ஒரு ஹாங்காங் படத்தில் சாமி செங்கும் ரிச்சி ஜென்னும் ரெடாங் மணலில் காதலித்தார்கள். அதன்பின் சீன மொழி பேசும் பயணிகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்; அவர்களும் அந்தத் தீவுக்குத்தான் வந்தார்கள். ஐரோப்பிய முதுகுப்பைப் பயணிகளுக்கு பெர்ஹெந்தியான் போதும். இந்த ஏளனத்துக்கு மறுமொழி சொல்ல வேண்டிய சுற்றுலாத் துண்டறிக்கைகள் இன்னொரு பல்லவி பாடுகின்றன: காலம் உறைந்து நிற்கும் கரை, கலப்பே இல்லாத தூய மலாய்ப் பண்பாடு, அமைதி, எளிமை. முதலாவது வசை, இரண்டாவது புகழ்ச்சி என்று தோன்றும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கே எதுவும் நடப்பதில்லை, நடந்ததும் இல்லை என்பதைத்தான் இரண்டும் சொல்கின்றன. நான் மறுப்பது அதைத்தான்.

இந்த எண்ணத்துக்கு வயது ஏறத்தாழ இருநூறு. அதை எழுதி அச்சேற்றியவர்களில் முன்னோடி நமக்கு அந்நியர் அல்லர். மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாவின் மூதாதை யேமனிலிருந்து நாகூர் வந்து பெண்ணெடுத்த அரபி. அன்றைய மலாக்காவில் வணிகக் கணக்குக்குத் தமிழ் வேண்டியிருந்ததால் தகப்பனார் மகனைத் தமிழ் படிக்க அனுப்பினார். அந்த அப்துல்லா 1838ல் சிங்கப்பூரிலிருந்து கடிதம் சுமந்து, வாரிசுப் போர் மூண்டிருந்த கிளந்தானுக்குப் பாய்மரக் கப்பலில் போனார். வழியில் பகாங்கிலும் திரங்கானுவிலும் இறங்கிப் பார்த்ததை 'கிசா பெலாயாரான் அப்துல்லா' என்று எழுதினார். மலாய் உரைநடையில் அது ஒரு சாதனை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த நூல் முழுக்க ஒரு முகச்சுளிப்பு இருக்கிறது. வீடுகளின் கீழே குப்பை. ஆண்கள் ஆயுதம் செருகிக்கொண்டு வெட்டியாகத் திரிகிறார்கள், உழைப்பதும் விற்பதும் பெண்கள். நல்ல ஊர், சோம்பேறி மக்கள்.

அப்துல்லாவுக்கு நியாயம் செய்வதென்றால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மக்கள் சம்பாதித்ததை அரசர்களும் அவர்களைச் சுற்றியிருந்தவர்களும் பறித்துக்கொண்டதால்தான் யாருக்கும் உழைக்க மனம் வரவில்லை என்று அவரே காரணமும் காட்டினார். அந்தத் துணிச்சல் பெரிது. பின்னால் வந்தவர்கள் காரணத்தை விட்டுவிட்டார்கள், வசையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வெள்ளை அதிகாரிகளின் குறிப்புகளிலும் தோட்ட முதலாளிகளின் பேச்சிலும் 'சோம்பேறி மலாய்க்காரன்' ஒரு வாய்பாடாகவே ஆகிவிட்டான். சையத் ஹுசைன் அலாத்தாஸ் 1977ல் ஒரு முழு நூல் எழுதி அந்த வாய்பாட்டை உடைத்தார்: முதலாளிக்குக் கூலியாக வர மறுத்தவனுக்கே சோம்பேறி என்று பெயர் சூட்டினார்கள் என்று நிறுவினார். அதே காலனி ஆட்சி தமிழனுக்கும் ஒரு பெயர் சூட்டியது என்பது நமக்கு நன்றாகவே தெரியும். தன்மேல் குத்திய முத்திரையை வெறுக்கிறவன் அடுத்தவன்மேல் குத்தியதை மட்டும் நம்புவது என்ன நியாயம்?

இன்னொன்று. மீனவக் கிராமத்தில் பகலில் திண்ணையில் சாய்ந்திருப்பவனைச் சோம்பேறி என்று சொல்ல, கடலைப் பற்றி ஒன்றும் தெரியாதவனால்தான் முடியும். அவன் இரவெல்லாம் வலையோடு இருந்திருப்பான். பிடித்ததைச் சந்தைக்குக் கொண்டுபோய், பேரம் பேசி, காசை முடிந்து வைப்பது வீட்டுப் பெண்ணின் வேலை. இன்றும் கோலா திரங்கானுவின் பாசார் பாயாங் சந்தையில் பேரத்தில் ஜெயிக்க நினைக்கிற ஆம்பிளை தோற்றுத்தான் திரும்புவான். அப்துல்லா குறையாகக் கண்டது ஒரு வேலைப் பங்கீடு.

வேலை என்றால் என்ன என்று பார்க்க ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள பூலாவ் டூயோங்குக்குப் போக வேண்டும். பெயரில் தீவு இருந்தாலும் அது பயணிகள் கேட்கும் தீவு அல்ல. பாலம் ஏறினால் சில நிமிடத்தில் போய்விடலாம். இங்கே தலைமுறை தலைமுறையாக மரக்கலம் கட்டினார்கள். வரைபடம் கிடையாது. தச்சரின் கண்ணும் முழமும்தான் அளவு. நம் பக்கத்திலும் மேலைநாடுகளிலும் பெரும்பாலும் முதலில் விலா எலும்புபோல் சட்டகம் நிறுத்தி, அதன்மேல் பலகை அறைவார்கள். டூயோங்கில் தலைகீழ். முதலில் அடிக்கட்டை. அதிலிருந்து பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போவார்கள். தீயில் வாட்டி வளைத்த பலகையின் விளிம்பில் துளையிட்டு, மர முளை அடித்து அடுத்த பலகையோடு பிணைப்பார்கள். இரண்டுக்கும் நடுவே கெலாம் மரத்தின் மெல்லிய பட்டை. தண்ணீர் பட்டதும் அது ஊதி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். ஓடு முழுவதும் உருவான பிறகுதான் உள்ளே விலாக்கட்டை வைப்பார்கள். பலகைக்கு செங்கால் எனும் காட்டு மரம். கடல் புழுவுக்கும் உப்புக்கும் அசையாதது.

இப்படிக் கட்டிய பினாஸ், பெடார் என்ற பாய்மரக் கப்பல்களில் திரங்கானுக்காரர்கள் கருவாடும் சரக்கும் ஏற்றி சிங்கப்பூருக்குப் போனார்கள். சயாமிலிருந்து அரிசியும் உப்பும் கொண்டுவந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதி வரைக்கும் இந்தப் பாய்கள் தென்சீனக் கடலில் தெரிந்தன. பினாஸின் முன்பகுதியிலும் பாய் அமைப்பிலும் ஐரோப்பியக் கப்பலின் சாயலும் சீன மரக்கலத்தின் சாயலும் சேர்ந்து தெரியும். வந்துபோன ஒவ்வொரு கப்பலையும் உற்றுப் பார்த்து, வேண்டியதை எடுத்து, தங்கள் முறையில் கட்டியிருக்கிறார்கள். உறங்கிக்கிடந்த ஊரிலா இதெல்லாம் நடக்கும்?

இன்று டூயோங்கில் அந்தக் கைகள் மிகக் குறைவு. செங்கால் மரம் காட்டிலும் அருகிவிட்டது, விலையும் எட்டாத உயரம். மீனவர்கள் கண்ணாடி இழைப் படகுக்கு மாறிவிட்டார்கள். எஞ்சிய சில தச்சர்களைத் தேடி வந்து உல்லாசப் படகு செய்யச் சொன்னவர்களில் வெளிநாட்டார் அதிகம். மலேசியர்களான நாம் அந்தத் தீவுக்கு எதிரே நின்று பாலத்தோடு சேர்த்துப் படம் பிடித்துக்கொண்டு ரெடாங் படகைப் பிடிக்க ஓடுகிறோம். 2005ல் அதே டூயோங்கில் மான்சூன் கோப்பை என்று உலகத்தரப் பாய்மரப் போட்டி தொடங்கினார்கள். பல கோடி செலவு, தொலைக்காட்சி, விருந்தினர். பந்தயத்தில் ஓடியவை இறக்குமதியான படகுகள். மரக்கலம் கட்டத் தெரிந்த ஊரில் வேறொருவர் படகு பந்தயம் ஓடியதை என்னவென்று சொல்வது!

அமைதியான மக்கள், அதிர்ந்து பேசமாட்டார்கள் என்கிற துண்டறிக்கைப் பாராட்டையும் இங்கேயே முடித்துவிடலாம். 1909 ஒப்பந்தத்தில் சயாம் தன் செல்வாக்குக்குள்ளிருந்த திரங்கானுவையும் கிளந்தானையும் பிரிட்டிஷாரிடம் விட்டுக்கொடுத்தது. திரங்கானு மக்களை யாரும் கேட்கவில்லை. தன் காட்டைத் திருத்தி நெல் விதைக்க அனுமதிச் சீட்டு வாங்கு, வரி கட்டு என்று புதிய நிர்வாகம் சொன்னபோது உலு திரங்கானு விவசாயிகள் மறுத்தார்கள். ஹாஜி அப்துல் ரஹ்மான் லிம்போங் அவர்களுக்காக வழக்காடினார். 1928ல் அது கிளர்ச்சியாக வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் இறந்தார்கள். லிம்போங் மக்காவுக்கு நாடு கடத்தப்பட்டு அங்கேயே மறுவருடம் காலமானார். இதைப் படித்தும் 'அமைதி தவழும் கரை' என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும்.

'முன்னேறாத மாநிலம்' என்ற குற்றச்சாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. தீபகற்ப மலேசியாவின் எண்ணெய், எரிவாயுவில் பெரும்பகுதி திரங்கானுவின் கடலுக்கு அடியிலிருந்து வருகிறது. கெர்தே, பாக்கா பக்கம் இரவில் காரோட்டினால் ஆலைகளின் தீப்பிழம்பு வானத்தைச் சிவக்கச் செய்திருப்பதைப் பார்க்கலாம். மாநிலத்துக்குச் சேர வேண்டிய பங்கு ஐந்து விழுக்காடு. 1999 தேர்தலில், மத்தியில் எதிர்க்கட்சியாக இருந்த பாஸ் எனும் இஸ்லாமியக் கட்சி மாநில ஆட்சியைப் பிடித்ததும், 2000ல் மத்திய அரசு அந்தத் தொகையை மாநிலத்துக்குக் கொடுப்பதை நிறுத்தியது. 'வாங் எஹ்சான்', அதாவது கருணைப் பணம் என்று பெயர் மாற்றித் தன் அமைப்புகள் மூலமாகவே செலவு செய்தது. உரிமையைக் கருணையாக்கிவிட்டு, அந்த மாநிலம் பின்தங்கியிருக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்வது நாணயமான பேச்சு ஆகாது.

அடுத்து, அந்தத் 'தூய்மை'. திரங்கானு அரும்பொருளகத்தில் ஒரு கல் இருக்கிறது. 1887ல் கோலா பெராங் அருகே வெள்ளத்துக்குப் பிறகு அடையாளம் காணப்பட்டது. அதற்குமுன் தொழுகைக்குப் போகிறவர்கள் கால் கழுவும் கல்லாகக் கிடந்தது என்பார்கள். ஹிஜ்ரி 702, அதாவது 1303ஆம் ஆண்டு என்று தேதி படிக்கப்படுகிறது. மூலை உடைந்திருப்பதால் ஆண்டில் வாதம் உண்டு. ஜாவி எழுத்தில் மலாய் மொழி எழுதப்பட்டதற்குக் கிடைத்த மிகப் பழைய சான்று அது. 2009ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியது. இஸ்லாமியச் சட்டத்தை ஊரறியச் சொல்லும் அந்தக் கல் இறைவனை எப்படி அழைக்கிறது தெரியுமா? 'தேவதா முலியா ராயா' என்று. எழுத்து அரபு வழி வந்தது, மொழி மலாய், சொல் சமஸ்கிருதம். மலாய் இஸ்லாம் இந்தக் கரையில் பேசத் தொடங்கிய முதல் வாக்கியமே இத்தனை கடல்களைத் தாண்டி வந்தது என்றால் கலப்பே இல்லாத பண்பாடு என்பதற்கு என்ன பொருள்?

கோலா திரங்கானுவின் ஆற்றோரக் கம்போங் சீனாவில் ஹோ ஆன் கியோங் கோயில் 1801ல் எழுந்தது. 2010ல் தீப்பிடித்து, மீண்டும் கட்டினார்கள். இந்த ஊர்ப் பழஞ்சீனக் குடும்பங்கள் திரங்கானு வட்டார மலாயைத் தாய்மொழி போலப் பேசுகின்றன. பெண்கள் சாரோங்கும் கெபாயாவும் உடுத்தினார்கள், கையால் பிசைந்து சாப்பிட்டார்கள். தெற்கே கெமாமானின் சுக்காய் பட்டணத்துக்குப் போனால் ஒரு ஹைனான் சீனர் தொடங்கிய காபிக் கடையில் காலை நேரத்தில் இடம் பிடிக்க மலாய்க் குடும்பங்கள் வரிசையில் நிற்கும்.

சாப்பாடு ஒத்துவராது என்பவர்களுக்கு நாசி டாகாங். தேங்காய்ப்பாலில் அவித்த சோற்றில் வெந்தயமும் சின்ன வெங்காயமும் போட்டு, பக்கத்தில் சூரை மீன் குழம்பு. வெந்தயத்தின் கசப்பு தேங்காய்ப்பாலோடு சேரும்போது உண்டாகிற மணம் நம் மூக்குக்குப் புதியதா என்ன? லோசோங் பக்கம் போனால் மீனை அரைத்து சாகோ மாவோடு பிசைந்து உருட்டி வேகவைத்த கெரோப்போக் லேக்கோர் கொதிக்கக் கொதிக்கக் கிடைக்கும். சைவ உணவுக்காரர்களுக்கு இந்தக் கரை சிரமம்தான், அதை மறைக்கவில்லை. மற்றவர்கள் மீன் வாடை என்று மூக்கைப் பிடிப்பதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை; கருவாட்டுக் குழம்பு சமைக்கிற வீடுகளிலிருந்து வருகிறவர்கள்தானே.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் மதக் கட்டுப்பாடு. இதைச் சிரித்து ஒதுக்க முடியாது. 2023 சட்டமன்றத் தேர்தலில் பாஸ் தலைமையிலான கூட்டணி 32 இடங்களையும் வென்றது. எதிர்க்கட்சி என்று சபையில் ஒருவர்கூட இல்லை. 2018ல் இரு பெண்களுக்கு நீதிமன்றத்தில் வைத்துப் பிரம்படி கொடுத்தார்கள். 2024 டிசம்பரில் ஓர் ஆடவருக்குத் தலைநகரப் பள்ளிவாசலில் பலர் பார்க்க அதே தண்டனை. மலேசிய வழக்கறிஞர் மன்றம் கண்டித்தது, நானும் கண்டிக்கிறேன். மனிதனைக் கூட்டத்தின் முன் நிறுத்தி அடிப்பதற்கு எந்தப் பண்பாட்டுச் சமாதானமும் போதாது.

ஆனால் இந்த வாதத்தை முன்வைப்பவர்கள் அந்த ஊரைத் தவிர்க்கிறார்களா? இல்லை. அதே மாநிலத்தின் ரெடாங்குக்குத்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். தீவில் பியர் கிடைக்கிறது, கால்சட்டை போட்டுக்கொள்ளலாம், ஆகவே கொள்கைக்குப் பங்கம் இல்லை போலும். கொள்கைக்காகப் புறக்கணிப்பவர் என்றால் முழுதாகப் புறக்கணிக்கட்டும், மதிப்பேன். படகுத்துறை வரைக்கும் மட்டும் செல்லுபடியாகிற கொள்கை எனக்கு விளங்கவில்லை. மேலும், ஒரு மாநிலத்தின் சட்டமன்றமும் அதன் நெசவுக்காரியும் ஒன்றல்ல. வீட்டின் கீழ்த்தளத்தில் தறி போட்டுத் தங்க இழையை எண்ணி எண்ணிக் கோத்து, ஒரு சோங்கெட் துணிக்கு வாரக்கணக்கில் உட்காருகிற பெண் எந்தத் தீர்ப்பையும் எழுதவில்லை. 2021ல் யுனெஸ்கோ அந்தக் கலையை மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வாங்க ஆளில்லாவிட்டால் பட்டியல் தறியை ஓட்டாது. மாநில மக்களில் இந்தியர்கள் ஒரு விழுக்காடுகூட இல்லை என்பது உண்மை. நம்மாட்கள் இருக்கிற ஊருக்கு மட்டும்தான் போவது என்றால் அது உறவுக்காரர் வீட்டுக்குப் போவது, ஊர் பார்ப்பதாகாது.

இயற்கையை நாடித்தான் தீவுக்குப் போகிறோம், கரையில் இயற்கை ஏது என்பவர்களுக்கு ரந்தாவ் அபாங். டூங்குன் மாவட்டத்தின் இந்தக் கடற்கரைக்கு 1950களில் தோல்முதுகுப் பேராமைகள் முட்டையிட வந்தன, ஆண்டுக்குப் பத்தாயிரம் குழிகள் என்ற கணக்கில். நம் நாட்டின் முதல் பெரிய இயற்கைச் சுற்றுலா இடங்களில் அது ஒன்று. வந்தவர்கள் விளக்கடித்தார்கள், நெருப்பு மூட்டினார்கள், கண்ணீர் வழிய முட்டையிடும் ஆமையின் முதுகில் ஏறி அமர்ந்து படமெடுத்தார்கள். ஊரார் முட்டையைத் தோண்டி விற்றார்கள், ஆழ்கடல் வலைகளில் ஆமைகள் மாட்டி மடிந்தன. 2000க்குப் பிறகு வந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லா ஆமை முட்டை விற்பனைக்கும் மாநில அரசு தடை விதித்தது 2022ல்தான். தாமதம் என்பதில் ஐயமில்லை. மிச்சமிருக்கும் பச்சை ஆமைகளுக்காக ரெடாங்கின் சாகார் ஹுதாங் கடற்கரையில் திரங்கானுப் பல்கலைக்கழகத்தார் 1993லிருந்து இரவுக் காவல் இருக்கிறார்கள். ஆமையின் முதுகில் ஏறிய பயணியின் வாரிசுகள் இன்று பவளத்தின்மேல் நின்று படமெடுக்கிறார்கள். தீவுச் சுற்றுலாவை இயற்கை நேசம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு அவசரம் இல்லை.

நவம்பரிலிருந்து மூன்று நான்கு மாதம் வடகிழக்குப் பருவக்காற்று. தீவு விடுதிகள் மூடிவிடும், 'சீசன் இல்லை' என்று பயணமுகவர்கள் கையை விரிப்பார்கள். தெங்குஜூ என்று இந்த ஊர் சொல்லும் இந்தப் பருவம்தான் அதன் ஆண்டுச் சக்கரத்தின் அச்சு. கடலுக்குப் போக முடியாத மாதங்களில் வலை பின்னுவது, படகு பழுதுபார்ப்பது, கையிருப்புக் கருவாட்டை எடுப்பது. தமிழகத்துக்கு மழை கொடுக்கிற அதே காற்று இங்கே கரையை அறைகிறது. வெள்ளம் வருகிற காலம், சாலைகள் மூழ்கும், ஆகவே யாரையும் அந்நேரம் போகச் சொல்லமாட்டேன். ஊர் செத்துக்கிடக்கும் காலம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வேடிக்கை என்னவென்றால் மாநிலத்தை ஆண்டவர்களும் இந்தத் 'தீவைத் தவிர ஒன்றுமில்லை' என்பதை நம்பியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் 2008ல் வான் மான் தீவுத்திட்டில் இஸ்லாமிய நாகரிகப் பூங்கா என்று ஒன்றைத் திறந்து, தாஜ்மகாலிலிருந்து அல்ஹம்ப்ரா வரை குட்டிக் குட்டிப் பிரதிகளை நிறுத்தியிருப்பார்களா? இந்தப் பக்கம் ஆணியில்லாமல் முளையடித்தே பூட்டிய செங்கால் மர வீடுகள் கறையான் அரித்துச் சாய்ந்துகொண்டிருந்தன. அவற்றில் சிலவற்றைத் தனியார் ஒருவர் விலைக்கு வாங்கிப் பிரித்து எடுத்து, செத்தியு மாவட்டத்தின் பெனாரிக் கரையில் தெராபுரி என்ற பெயரில் மறுபடி நிறுத்தினார். ஆக்ராவின் நகலுக்கு அரசு, ஊரின் அசலுக்குத் தனியாள்.

கோத்தா பாருவிலிருந்து திரங்கானு வழியாகக் கிள்ளான் துறைமுகம் வரை 665 கிலோமீட்டர் நீளும் கிழக்குக்கரை ரயில் 2027ல் ஓடத் தொடங்கும் என்று அரசு அறிவித்திருக்கிறது. பயணிகள் ரயிலே இல்லாத மாநிலத்துக்கு அது பெரிய மாற்றம். இறங்கப்போகிற கூட்டம் எதைக் கேட்கிறதோ அதைத்தான் ஊர் விற்கத் தொடங்கும். படகுத்துறைக்கு வழி கேட்டால் நிலைய வாசலில் வேன் வரிசையாக நிற்கும். டூயோங்குக்கும் தறிக்கும் வழி கேட்டால் தச்சரின் பேரன் உளியை எடுக்க ஒரு காரணம் கிடைக்கும்.

ஆகவே தீவுக்குப் போகிறவர்கள் போய்வாருங்கள். திரும்புகிற விமானத்தை மட்டும் இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள். மார்ச்சுக்குப் பிறகு அக்டோபருக்குள் போங்கள். அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். அரும்பொருளகம் திறந்திருக்கும் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தைக்கு விடியலிலேயே போய்விடுங்கள், நல்ல நாசி டாகாங் காலையோடு தீர்ந்துவிடும்.